இரண்டடி ஆழம்

எங்கள் அலுவலகத்தில் மேசைகள் ஏழு. மேசைக்கு ஓர் இழுப்பறை. இழுப்பறைக்கு ஒரு ராஜினாமாக் கடிதம்.

வெளியாளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அரசாங்க வேலையில் இருக்கிறவன் எவனாவது ராஜினாமா செய்வானா என்று கேட்பார்கள். செய்ய மாட்டான். அதனால்தான் எழுதி வைத்துக்கொள்கிறான். மேலதிகாரி நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாரா? நேராக இருக்கைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, ‘இந்தக் கேடுகெட்ட அலுவலகத்தில் இனி ஒரு நிமிடமும்’ என்று ஆரம்பித்து, கீழே கையெழுத்தும் போட்டு, மடித்து இழுப்பறையின் அடியில் செருக வேண்டியது. மறுநாள் காலையில் டீ வரும்போது கோபம் இறங்கியிருக்கும். கடிதம் மட்டும் அங்கேயே கிடக்கும். அது கிடக்கிறது என்கிற தெம்பில்தான் இருபது இருபத்தைந்து வருஷம் வேலை பார்க்கிறோம். கீழப்பாறைக்குளம் பேரூராட்சியில் புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தானாகவே வந்துவிடும்.

நான் தமயந்தி. பிறப்பு இறப்புப் பிரிவில் இளநிலை உதவியாளர். இந்த ஊரில் ஒருவர் பிறந்ததையும் செத்ததையும் நான் கையெழுத்துப் போட்டால்தான் அரசாங்கம் ஒப்புக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வேலையை நம்பித்தான் என் வீடு ஓடுகிறது. முதுகில் அறுவை சிகிச்சை செய்ததிலிருந்து என் வீட்டுக்காரர் வேலைக்குப் போவதில்லை. மகள் நாகர்கோவிலில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நான் வேலையை விட்டால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். அதனால் என் ராஜினாமாக் கடிதம் வெறும் மன ஆறுதலுக்கு, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. மேசை விளக்கு மாதிரி வளைந்த கழுத்து, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு தலை. புது மாதிரி ஸ்கேனராம். கூடவே அஸ்லம் என்று ஒரு பொறியாளர், ஒரு வாரம் தங்கிப் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். செயல் அலுவலர் எட்வின் சார் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி, பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைக்கச் செய்தார். “சார், நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாச்சே” என்று கேட்டேன். “எனக்குத்தான் மதம் மேடம், மெஷினுக்கு இல்ல” என்றார்.

அஸ்லம் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு விளக்கினார்.

“பழைய ஸ்கேனர் மாதிரி ஒவ்வொரு தாளா வைக்க வேண்டாம் சார். கோப்புக் கட்டைப் பிரிக்கவே வேண்டாம். அப்படியே மேசைல வச்சு, தலையை மேல நிறுத்துனா போதும். உள்ள இருக்கிற எல்லாப் பக்கத்தையும் பிரிச்சுப் படிச்சிரும்.”

“நாடாவைக் கூட அவுக்க வேண்டாமா தம்பி?” என்று கேட்டார் தலைமை எழுத்தர் கோமதிநாயகம். நாடாக்கட்டை அவிழ்ப்பதிலேயே பாதி நாளை ஓட்டுகிற மனிதர் அவர். குரலில் கவலை தெரிந்தது.

“வேண்டாம் சார். காகிதம் ஒரு மாதிரி அதிரும், மை ஒரு மாதிரி அதிரும். அந்த வித்தியாசத்தை வச்சுப் படிக்கும். அதோட விடாது. இது மனுவா, ரசீதா, கடிதமான்னு புரிஞ்சுக்கிட்டு யாருக்குப் போகணுமோ அவங்களுக்கே அனுப்பிரும். மனுன்னா, மூணு வேலை நாளுக்குள்ள பதில் போடலைன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம். புது விதி.”

“யார் ஏத்துக்கிட்டதா?” என்றார் எட்வின் சார்.

“நீங்கதான் சார்.”

எட்வின் சார் சிரித்தார். இப்படி எத்தனை விதி வந்து போயிருக்கும் என்று நினைத்திருப்பார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றார் அஸ்லம். “எவ்வளவு ஆழத்துக்குப் படிக்கணும்? உங்க கட்டு அதிகபட்சம் எவ்வளவு தடிமன் வரும்?”

எங்களிடம் இருப்பதிலேயே குண்டுக் கட்டு முக்கால் அடியைத் தாண்டாது. ஆனால் கோமதிநாயகம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பக்கத்துப் பேரூராட்சில எவ்வளவு சொன்னாங்க?” என்று கேட்டார். அந்தப் பேரூராட்சி எங்களைவிட ஒரு படி உயர்ந்த நிலை. அந்த எரிச்சல் எங்கள் எல்லோருக்குமே உண்டு.

“ஒன்றரை அடி சார்.”

“அப்ப நமக்கு ரெண்டடி போடுங்க.”

நாங்கள் ஏழு பேரும் தலையை ஆட்டினோம். என் தலைதான் முதலில் ஆடியது. முக்கால் அடிக் கட்டு போக மீதி ஒன்றேகால் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒட்டுப்பலகை மேசை, அதன் அடியில் இழுப்பறை.

அன்றைக்கு ஒரே நாளில் ஏழு மேசைக்கும் அந்தப் பெட்டி போனது. என் மேசைக்கு முந்தி, உன் மேசைக்கு முந்தி என்று சண்டை. அதைத் தூக்கி மேசை மேசையாக வைத்தது பேச்சி. அலுவலக உதவியாளர் பேச்சியம்மாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆனாலும் எனக்குப் பேச்சிதான், ‘வா, போ’தான். எல்லோருக்கும் அப்படித்தான். அவளுக்கு மேசை கிடையாது. வாசலை ஒட்டி ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். “மேடம், இது கனம் கனக்குது, ஆனா சத்தமே போடல பாருங்க” என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நன்றாகத்தான் போயின. அலுவலக மின்னஞ்சலில் ஏதேதோ வந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் அதைத் திறக்கிற பழக்கமில்லை. எனக்கு மட்டும் ஆயிரத்து நானூறு படிக்காமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் கூட்டம். என்ன கலாட்டாவோ என்று பயந்துகொண்டே போனால், ஒருவர் என் வாயில் லட்டைத் திணித்தார். ஒன்பதாவது வார்டில் ஆறு வருஷமாகக் கேட்ட தெருவிளக்கு முந்தின நாள் ராத்திரியே எரிய ஆரம்பித்துவிட்டதாம். பேருந்து நிலையக் கழிப்பறைக்குத் தன் மாமனார் பெயரை வைக்கக் கேட்ட ஒருவருக்குக்கூட அனுமதி கிடைத்திருந்தது. “உங்களை எல்லாம் சும்மா ஏசிட்டோம்மா, தங்கமான ஆளுங்க” என்று ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. லட்டு நன்றாக இருந்தது.

உள்ளே போக விரல் ரேகை இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன். பெண் குரலில் மிக மரியாதையாகப் பேசியது.

“வணக்கம். தாங்கள் இந்த அலுவலகத்தில் பணிபுரியவில்லை. குறை ஏதும் இருந்தால் மனு அளிக்கவும்.”

விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே மரியாதை. லட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வந்த கோமதிநாயகம் சாரும் பணிபுரியவில்லை. எட்வின் சார் காரிலிருந்து இறங்கி வந்து விரல் வைத்தார், அவரும் பணிபுரியவில்லை. மற்ற நாலு பேரும் அப்படியே. வாசலில் ஏழு பேரும் முழித்துக்கொண்டு நிற்கும்போது பேச்சி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து விரல் வைத்தாள்.

“வணக்கம் பதிவறை எழுத்தர் பேச்சியம்மாள், செயல் அலுவலர் பொறுப்பு. தங்கள் ஒப்புதலுக்காக நாற்பத்தொரு கோப்புகள் காத்திருக்கின்றன.”

“இது என்ன கூத்து!” என்று சிரித்தார் கோமதிநாயகம் சார். நாங்களும் சிரித்தோம். பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. “பதிவறை எழுத்தர்னா சொல்லிச்சு?” என்று மெல்லக் கேட்டாள்.

விடுதியிலிருந்து அஸ்லம் ஓடிவந்தார். கணினியைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ரெண்டடி வச்சிருக்கீங்க. டிராயர் வரைக்கும் படிச்சிருக்கு. நீங்க எல்லாருமே ராஜினாமா மனு குடுத்திருக்கீங்க. திங்கட்கிழமை வந்து சேர்ந்திருக்கு. மூணு நாள் யாரும் பதில் போடல. அதனால நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாச்சு.”

“அது பொதுமக்கள் மனுவுக்கு உள்ள விதியில்லா!” என்று கத்தினார் கோமதிநாயகம் சார்.

“மனு யார் குடுத்தாலும் அதுக்கு மனுதான் சார். ஆள் பாத்து நடத்த அதுக்குத் தெரியாது.”

“சரி, நிறுத்துங்க அதை. அழிச்சிருங்க.”

“சென்னைலதான் அழிக்க முடியும். புகார் போட்டா நாப்பத்தஞ்சு நாள் ஆகும். ஆனா ஒரு வழி இருக்கு. ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு நீங்க மனு குடுக்கலாம். அலுவலகத் தலைவர் ஒப்புதல் குடுத்தா அந்த நிமிஷமே வேலை திரும்பிரும். அவர் வேண்டாம்னு சொல்லிட்டா மட்டும் போச்சு.”

“அலுவலகத் தலைவர் நான்தானே?” என்றார் எட்வின் சார்.

“நீங்கதான் ராஜினாமா பண்ணிட்டீங்களே சார். மேல இருக்கிறவர் இல்லைன்னா பொறுப்பு அடுத்தவருக்கு இறங்கும். இறங்கி இறங்கி...” அஸ்லம் பேச்சியைப் பார்த்தார்.

“அவ அலுவலக உதவியாளர்தானே தம்பி? உதவியாளருக்குப் பொறுப்பு குடுக்க விதியே கிடையாது” என்றேன் நான். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“உதவியாளர் இல்ல மேடம். பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணி, பதிவறை எழுத்தர் பதவி உயர்வு கேட்டு மனு குடுத்திருக்காங்க. ஒன்பது வருஷத்துக்கு முந்தின மனு. அதுவும் திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்திருக்கு.” திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பிறப்பு இறப்புப் பிரிவு மேசைல இருந்து.”

எனக்கு லட்டு நெஞ்சில் அடைத்துக்கொண்டது.

சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பேச்சி தனித்தேர்வு எழுதிப் பத்தாம் வகுப்பு பாஸ் ஆனாள். மறுநாள் மதியம் நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தால், என் நாற்காலியில் உட்கார்ந்து என் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! அவளை எழுப்பி விரட்டிவிட்டு என் ராஜினாமாக் கடிதத்தை எழுதினேன். ‘அலுவலக உதவியாளர் பேச்சியம்மாள் என் நாற்காலியில் அமரும் அளவுக்குக் கட்டுப்பாடு குலைந்த அலுவலகத்தில் நான் பணிபுரிவது என் கௌரவத்துக்கு இழுக்கு. ஒன்று அவர் இங்கே இருக்க வேண்டும், அல்லது நான்.’ எழுதி, இழுப்பறையில் செருகினேன். ஒரு மாதம் கழித்துப் பேச்சி பதவி உயர்வு மனுவோடு வந்தாள். அப்போது பணியாளர் விவரமும் என்னிடம்தான் இருந்தது. ‘பாக்கலாம், வச்சிட்டுப் போ’ என்றேன். நாலு நாள் கிடக்கட்டும் என்று கடிதத்தின் மேலேயே அதையும் போட்டேன்.

நாலு நாள் நாலு மாதம் ஆயிற்று. மாதாமாதம் கேட்பாள். ‘மேல போயிருக்கு பேச்சி, பதில் வரணும்’ என்பேன். பிறகு பொங்கலுக்குப் பொங்கல் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அதற்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டோம். அவள் கொண்டுவருகிற சொதியில் எனக்குப் பாதி. இனி அந்த மனுவை எடுத்து அனுப்பினால் ஒன்பது வருஷப் பொய் வெளியே வந்துவிடும். அதனால் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமலே திறக்கப் பழகிக்கொண்டேன். நான் செய்தது அயோக்கியத்தனம். வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஏழு பேரும் ஒரே நிமிஷத்தில் ‘நீ’யிலிருந்து ‘நீங்க’ளுக்கு ஏறினோம். “பேச்சியம்மா, என் அறைக்கு வந்து உக்காருங்க” என்றார் எட்வின் சார். “இருக்கட்டும் சார், எனக்கு இங்கனதான் பழக்கம்” என்று வாசல் ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டார் பேச்சியம்மாள். அஸ்லம் ஒரு டேப்லெட்டை அவர் மடியில் வைத்தார். கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தால்தான் ஒப்புதல் பொத்தான் வருமாம். அவர் விரலை வரிக்கடியில் வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார்.

முதலில் எட்வின் சார். ‘கோழிப் பண்ணை வைத்து நிம்மதியாக வாழ விரும்புவதால்’ என்று இருந்தது.

“ஏன் சார், பண்ணை வைக்கலையா?”

“வீட்டுல வேண்டாம்னுட்டாங்க.”

“வச்சிருந்தா எங்களுக்கு முட்டையாவது கிடைச்சிருக்கும்” என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்தார். “போங்க சார், போய்க் கை வைங்க.” எட்வின் சார் இயந்திரத்திடம் ஓடினார். அது அவரைப் பெயர் சொல்லி வரவேற்றது.

அடுத்து கோமதிநாயகம் சார். நாலு பக்கக் கடிதம்.

“இதுல ‘திருவாளர்’னு போட்டு, புள்ளி புள்ளியா விட்டிருக்கே, அங்கன யாரு பேரு வரணும் சார்?”

கோமதிநாயகம் சார், பக்கத்தில் நின்ற எட்வின் சாரைப் பார்த்தார். “அது... எந்த ஆபீசர் வந்தாலும் எழுதிக்கிடலாம்னு...”

“‘அறிவு சூனியமான திருவாளர் புள்ளி புள்ளி அவர்களின்’” என்று பேச்சியம்மாள் நிதானமாகப் படித்தார். வாசலில் லட்டுக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் ஒப்புதல் வைத்துவிட்டார். மற்ற நாலு பேருக்கும் அப்படியே. பதினோரு மணிக்குள் ஆறு பேருக்கும் வேலை திரும்பிவிட்டது.

என் முறை வந்தது.

என் கடிதத்தை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. விரல் கடைசி வரியில் போய் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் காது இரண்டும் சுட்டது.

“மேடம்” என்றார். “அன்னைக்கு நான் உங்க பேனாவுல என் பேரைத்தான் எழுதிப் பாத்தேன். பாஸ் ஆயிட்டோமே, ஆபீஸ் நாற்காலில உக்காந்து எழுதுனா எப்படி இருக்கும்னு.”

“பேச்சியம்மா, நான் அப்ப ஏதோ கோவத்துல...”

“என் மனுவும் உங்க லெட்டரும் ஒண்ணாத்தான் இருந்திருக்கு போல” என்றார். கோபமே இல்லாத குரல். கோபமாகவாவது இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். “சரி, உங்க மனுவை வச்சிட்டுப் போங்க. பாக்கலாம்.”

‘பாக்கலாம்.’ எங்கள் அலுவலகத்தில் இந்த வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்! சொல்லும்போது அதில் ஒன்றுமே இருக்காது. கேட்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மகள் போனில், “அம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள். ஜலதோஷம் என்றேன். திங்கட்கிழமை வழக்கம்போல டிபன் டப்பாவோடு கிளம்பினேன். அந்த விரல் இயந்திரத்திடம் மட்டும் போகவில்லை. ஊர்ச் சனங்கள் முன்னால் இன்னொரு தடவை ‘தாங்கள் பணிபுரியவில்லை’ என்று கேட்க எனக்குத் திராணியில்லை. மனுக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் பால்காரர் சுடலைமுத்து. மகளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தம் கேட்டவர். அவருக்கும் போன வாரம்தான் கிடைத்திருந்தது, வாங்கிப் போக வந்திருந்தார்.

“அங்கன உக்காராதீங்கம்மா, வெயிலு முகத்துல அடிக்கும். இந்தா, மூணாவது இடம். இங்கதான் ஃபேன் காத்து வரும். நாலு வருஷம் நான் உக்காந்த இடம்.”

“நாலு வருஷமா?”

“உங்ககிட்டதானே வந்தேன்” என்றார் சர்வசாதாரணமாக. “ஒரு யோசனை சொல்லுதேன். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டே இருங்க. இல்லைன்னா மறந்துருவாங்க. ரொம்பக் கேட்டாலும் கோவம் வந்துரும். அளவா கேக்கணும்.”

அளவாகக் கேட்டேன். பேச்சியம்மாள் டீ டம்ளர்களோடு போனபோது எழுந்து, “என் மனு என்ன ஆச்சும்மா?” என்றேன். எட்வின் சார் மறுபடி தலைவராகிவிட்டதால் பொறுப்பு போய்விட்டது, எழுத்தர் பதவி நிலைத்துவிட்டது. ஆனாலும் பழக்கதோஷத்தில் டீயை அவர்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

“மேல போயிருக்கு மேடம். பதில் வரணும்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுடலைமுத்து, “அப்படித்தான் சொல்லுவாங்க” என்று ஆறுதல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமையும் அதே பதில். எட்வின் சாரிடம் ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். “ஒருத்தர்கிட்ட இருக்கிற மனுவுல இன்னொருத்தர் கை வைக்க மெஷின் விடாது மேடம்” என்று நழுவிவிட்டார். அவருக்கும் பயம்தான். அலுவலகத்துக்குப் பின்னால் மற்றவர்கள் இழுப்பறைகளைக் காலி செய்து காகிதங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். புகை பெஞ்சு வரைக்கும் வந்தது. அஸ்லம் ஆழத்தை முக்கால் அடிக்குக் குறைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை மூன்றாவது நாள். அலுவலகம் முடிகிற ஐந்தே முக்காலுக்குள் பேச்சியம்மாள் ‘மறுப்பு’ என்கிற பொத்தானை அழுத்தினால் என் கதை முடிந்தது. அழுத்தாமல் விட்டால் பிழைத்தேன். என் உயிரே அந்தக் கட்டைவிரலில் தொங்கியது. நாலு மணிக்கு மகளுடைய கல்லூரியில் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஐந்து மணிக்கு என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஐந்தே முக்கால் ஆயிற்று. ஒரு சத்தமும் வரவில்லை. ஒருவரும் வந்து கூப்பிடவில்லை. ஊர்க்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். போச்சு, மறுத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

மனசு கேட்கவில்லை. வாசலுக்குப் போய் நின்றேன். அழக் கூடாது என்றுதான் போனேன், ஆனால் அழுகை முந்திக்கொண்டது.

“அக்கா, நான் உங்களுக்குப் பண்ணது பெரிய பாவம். வேலை குடுக்க வேண்டாம். ஒரு வார்த்தை ஆமா, இல்லன்னு சொல்லிருங்க. தெரியாம உக்காந்திருக்கிறதுதான் தாங்க முடியல.”

பேச்சியக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இயந்திரத்தின் பக்கம் இழுத்தார். “கை வைங்க மேடம்.”

வைத்தேன்.

“வணக்கம் தமயந்தி, பிறப்பு இறப்புப் பிரிவு. தாங்கள் மூன்று நாள்களாக முன்னனுமதி இன்றிப் பணிக்கு வரவில்லை. உரிய விளக்கம் அளிக்கவும்.”

“மூணு நாளா?”

“வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பின உடனே கை வச்சிட்டேன். நீங்களா வந்து விரலை வைப்பீங்கன்னு பாத்தேன். நீங்க போய் பெஞ்சுல உக்காந்துட்டீங்க.”

“திங்கக்கிழமை கேட்டேனே! நேத்தும் கேட்டேனே! மேல போயிருக்குன்னு சொன்னீங்களே!”

“ஆமா, சும்மா சொன்னேன்” என்றார் பேச்சியக்கா. “நீங்களும் சும்மாதானே சொன்னீங்க.”

கோபம் வந்தது. அது முழுசாக ஏறுவதற்குள் வெட்கம் வந்துவிட்டது. அதற்கும் பின்னால் எங்கிருந்தோ சிரிப்பு வந்து, அழுகையும் சிரிப்புமாக அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சியக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு குசும்பு இருக்கும் என்று ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் காலை விளக்கம் எழுத உட்கார்ந்தேன். உடம்பு சரியில்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். ஆனால் எதிரே பேச்சியக்கா தன் புது மேசைக்கு முன்னால், நாற்காலியில், முதுகை நேராக வைத்து உட்கார்ந்து தபால்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். என் கை தானாக உண்மையை எழுதியது. நாற்காலியை எழுதினேன், மனுவை எழுதினேன், ஒன்பது வருஷம் சொன்ன பொய்யை எழுதினேன், பெஞ்சை எழுதினேன். மூன்று பக்கம். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

அவர் வரிக்கடியில் விரல் வைத்து மூன்று பக்கத்தையும் படித்தார். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லா எழுதியிருக்கீங்க மேடம்” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது மேலே போனால் சும்மா விட மாட்டார்கள். மனுவை மறைத்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மெமோ வரும், விசாரணை வரும், பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். எழுதியது எழுதியதுதான், அதை மாற்றப் போவதில்லை. ஆனால் இரண்டு நாள் மூச்சு விட்டுக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டு...

“அக்கா” என்றேன். “அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவா நாளைக்கோ நாளன்னைக்கோ அனுப்பினா போதும்.”

“அது எப்படி மேடம்? மனுவைத் தேக்கி வைக்கக் கூடாதுல்லா” என்று சொல்லிக்கொண்டே பேச்சியக்கா தாள்களை ஸ்கேனரின் தலைக்கு அடியில் தட்டிச் சீராக்கி வைத்து, பொத்தானை அழுத்தினார்.